அறுபத்தொன்றிலிருந்து அறுபத்திரண்டுக்கு

வால்பெர்தே
திங்கட்கிழமை, 4 ஜனவரி 2010, காலை 7.10 மணி
கடிதம் எண் 1 (புதிய வரிசை)
பொருள்: தடம் 43 பேருந்தை நிறுத்துவதற்கு எதிராக நீ அளித்த மனு

அன்புள்ள நூபியா,

உன் மனு 29 டிசம்பர் 2009 அன்று எங்கள் திட்ட அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் என் பெயர் எங்கும் இல்லை. ஆனால் மூன்றாவது பத்தியில், "மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து காகிதத்தில் ஊரை வரைகிற கிழவன்" என்று ஒரு குறிப்பு வருகிறது. இந்த அலுவலகத்தில் எழுபதைக் கடந்தவன் நான் ஒருவனே. ஆகவே பதில் எழுதும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன்.

நம்மிருவருக்கும் இடையே 24 டிசம்பர் 2006, ஞாயிற்றுக்கிழமை, இரவு 8.40 மணிக்குப் பிறகு பேச்சில்லை. அன்று நீ வீசிய, சாக்லெட் பானம் கடையும் மத்து என் இடது புருவத்தைப் பிளந்தது. நான்கு தையல் போட்டார்கள். நான் என்ன சொன்னேன் என்பதையும் பதிவுக்காக எழுதிவிடுகிறேன். உன் மகள் யெசேனியா நர்ஸ் படிக்கப் போவதாகச் சொன்னபோது, "பஸ் ஓட்றவன் பொண்ணு நர்ஸ் படிப்பை முடிச்சதா நான் கேள்விப்பட்டதில்லை" என்றேன். மத்து அதற்கு அடுத்த நொடி வந்தது. இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் குன்று லா குச்சில்லா எங்கள் வரைபடத்தில் மண்டலம் 61. ஓடைக்கு அந்தப் பக்கம் உள்ள சான் ரோக்கே, மண்டலம் 62. சான் ரோக்கேயில் கம்பிவடத் தொட்டி (கேபிள் கார்) நிலையம் கட்டி முடிந்துவிட்டது. உன் வாசலிலிருந்து நடைபாலம் வழியாக அந்த நிலையத்துக்கு 380 மீட்டர். அங்கே ஏறினால் பதினான்கு நிமிடத்தில் நகரின் நடுவில் இறங்கலாம். தடம் 43 அதே இடத்துக்கு மலையைச் சுற்றிக்கொண்டு ஐம்பது நிமிடத்தில் போகிறது. எங்கள் கணக்கின்படி நாள்தோறும் 2,140 பேர் 61-லிருந்து 62-க்கு நடந்து வருவார்கள். எனவே மார்ச் 1 முதல் தடம் 43 தேவைப்படாது.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று நீ மனுவில் மரியாதையின்றிக் கேட்டிருக்கிறாய். மரியாதையாகவே சொல்கிறேன். அருகருகே உள்ள இரண்டு பேட்டைகள் ஒன்றையொன்று இழுக்கும். ஆட்கள் கூடக்கூட இழுப்பு கூடும். தொலைவு கூடக்கூடக் குறையும். 2005-ஆம் ஆண்டு வீடுவீடாகக் கணக்கெடுத்தபோது 61-க்கும் 62-க்கும் இடையிலான கட்டத்தில் சைபர் வந்தது. நூறு வீட்டில் மூன்றைத்தான் கேட்கிறோம். நாங்கள் கேட்ட வீட்டுக்காரர்கள் தற்செயலாக அந்தப் பக்கம் போகாதவர்கள் என்று பொருள். இப்படிப்பட்ட வெற்றுக் கட்டங்களை இழுப்புக் கணக்கால் நிரப்புவது உலகம் முழுவதும் உள்ள வழக்கம். நிரப்பியவன் நான்.

தொலைபேசியில் பேசியதற்குத் தேதி இருக்காது. ஆகவே பதிலைக் கடிதமாகவே எழுது. உன் கணவர் அல்பெய்ரோ தன் பேருந்தில் கீழே கொண்டுவந்து முனையத்தின் காவலரிடம் கொடுத்தால் எனக்குக் கிடைத்துவிடும்.

உன் அண்ணன்,
எவரிஸ்தோ கிசேனோ

இணைப்பு: வரைபடம், ஒன்று. பாலம் சிவப்பு மையில் குறிக்கப்பட்டிருக்கிறது.


லா குச்சில்லா
சனிக்கிழமை. தேதியை நீயே போட்டுக்கொள்.

அண்ணா,

உன் வரைபடம் கிடைத்தது. அல்பெய்ரோ அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மச்சான் பாலத்துக்குச் செவப்பு மை சரியாத்தான் போட்டிருக்காரு" என்றார். மூன்று வருடத்தில் அவர் உன்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அதுவும் நல்ல வார்த்தை இல்லை.

அந்தப் பாலத்தில் 2003-க்குப் பிறகு யாரும் நடப்பதில்லை. இந்தப் பக்கத்துக்கு இப்போது கொசு என்று ஒருவனும் துப்பாக்கி வைத்த அவனுடைய பையன்களும். அந்தப் பக்கத்துக்கு வேறு பையன்கள். இங்கிருப்பவன் அங்கே போனால் உளவு சொல்லப் போனவன். அங்கிருப்பவன் இங்கே வந்தால் உளவு பார்க்க வந்தவன். கோடு எதுவும் போட்டு வைக்கவில்லை. இங்கே பிறந்த குழந்தைக்கும் அது எங்கே ஓடுகிறது என்று தெரியும்.

ரொட்டிக்கடை இக்னாசியோவின் மகன் துவானை உனக்கு நினைவிருக்கிறதா? நம் அம்மாவின் அடக்கத்துக்கு ரொட்டித் தட்டு தூக்கிக்கொண்டு வந்தவன். அந்த வருடம், சான் ரோக்கேயில் முடிவெட்டுகிறவன் நன்றாக வெட்டுவான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். போகும்போது விட்டுவிட்டார்கள். புதிதாக வெட்டிய தலையோடு திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் வைத்துச் சுட்டார்கள். காலை ஒன்பது மணி. மாலைவரை அவன் அங்கேயே கிடந்தான். எடுக்கப் போனவர்களை இரண்டு பக்கமும் போகவிடவில்லை. அவனுடைய அம்மா இந்த முனையில் நின்று அவனோடு பேசிக்கொண்டே இருந்தாள். "எந்திரிடா, மழை வருது. எந்திரிச்சு வா, சட்டை நனையுது" என்றாள். தீயணைப்பு வண்டிக்காரர்கள் வந்து எடுத்தபோது மழை கழுவி அவன் வெள்ளையாக இருந்தான். முடிவெட்டு உண்மையிலேயே அழகாக இருந்தது, அண்ணா. எனக்கு அதுதான் மறக்கவில்லை.

இனி உன் சைபரைப் பற்றி. 2005-ல் உன் அலுவலகத்துப் பெண் ஒருத்தி என் வீட்டுக்கு வந்தாள். கொளுத்தும் வெயில். வெல்லத் தண்ணீர் கொடுத்தேன்.

"சான் ரோக்கேக்குப் போவீங்களாக்கா?" என்றாள்.

"போறதில்ல."

"வாரத்துல ஒரு தடவகூடவா?"

"செத்தாக்கூட அந்த வழியா தூக்கிட்டுப் போகமாட்டாங்க. ஏன்னு எழுத உன் தாள்ல எடமிருக்கா?"

"இல்லக்கா. எத்தன தடவைன்னுதான் கட்டம் இருக்கு."

"அப்ப சைபர் போடு."

அந்தச் சைபரை நான் போடச் சொன்னேன். நீ அது தற்செயல் என்கிறாய்.

யெசேனியாவுக்கு இன்னும் பதினாறு மாதப் படிப்பு இருக்கிறது. விடியற்காலையில் கிளம்பும் முதல் 43-ல்தான் போகிறாள். அந்தப் பேருந்து இல்லையென்றால் அவள் பாலத்தின் வழியாகப் போக வேண்டும், இல்லையென்றால் படிப்பை நிறுத்த வேண்டும். நீ அன்றைக்குச் சொன்னது அப்படியே பலித்துவிடும். அதற்காகத்தான் இதெல்லாமா?

நூபியா


வால்பெர்தே
வியாழக்கிழமை, 14 ஜனவரி 2010, மாலை 6.25 மணி
கடிதம் எண் 2
பொருள்: உன் தேதியில்லாக் கடிதம் (9 ஜனவரி எனக் கொள்கிறேன்)

அன்புள்ள நூபியா,

கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பெறும்படி கேட்டுக்கொள்கிறேன். தொழிலில் நாற்பத்து நான்கு ஆண்டுகளில் ஒரு சொந்தக்காரருக்காகவோ, ஒரு சொந்தக்காரருக்கு எதிராகவோ நான் ஓர் எண்ணைக்கூட மாற்றியதில்லை. அந்தச் சந்தேகத்தை என் முகத்துக்கு நேரே வேறு யாராவது சொல்லியிருந்தால் என் கைத்தடி அவர் மண்டையில் முறிந்திருக்கும்.

துவானைப் பற்றி எனக்குத் தெரியாது. வருந்துகிறேன். ஆயினும் அது ஏழு ஆண்டுகளுக்கு முந்தையது. 12 ஜனவரி அன்று காவல் நிலையத்துக்கு நேரில் சென்று விசாரித்தேன். அப்படியோர் எல்லை அவர்களுடைய பதிவில் இல்லை. பாலத்துக்கு நவம்பரில் புது வண்ணம் பூசி, எட்டு விளக்குகள் போட்டிருக்கிறார்கள். நடக்கும் நேரம், காத்திருக்கும் நேரம், கட்டணம், படிக்கட்டு இவற்றைக் கணக்கில் சேர்க்க எனக்கு வழி தெரியும். அச்சத்தைச் சேர்க்க ஒரு வாய்பாடு இருந்தால் அனுப்பு.

நீ ஒன்று சொல்கிறாய், கணக்கு வேறொன்று சொல்கிறது. இதற்கு நேர்மையான வழி ஒன்றுதான். சோதித்துப் பார்ப்பது. பிப்ரவரி 8, திங்கள் முதல் ஒரு வாரம் தடம் 43-ஐ நிறுத்தி வைத்து, பாலத்தின் முனையில் இரண்டு பேரை நிறுத்திக் கடப்பவர்களை எண்ணப் போகிறோம். ஒரு நாளில் ஆயிரம் பேர் கடந்தால் நீ உன் மனுவைத் திரும்பப் பெற வேண்டும். கடக்காவிட்டால் நான் என் எண்ணைத் திரும்பப் பெறுகிறேன். இயக்குநர் பெர்னாலிடம் சொன்னவுடன் ஒப்புக்கொண்டார். அவர் எதையும் உடனே ஒப்புக்கொள்பவர் அல்ல. அது எனக்குச் சற்று வியப்பாக இருந்தது. காவலர் இருவர் ஜீப்புடன் அங்கே இருப்பார்கள்.

உன் அண்ணன்,
எவரிஸ்தோ

இணைப்பு: சோதனை வாரத்துக்கான அறிவிப்பு, நகல்.


லா குச்சில்லா
ஜனவரி 30, சனிக்கிழமை. தேதி போட்டுவிட்டேன், பார்.

அண்ணா,

அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். இனி நான் கேட்பதை நீ கேள்.

உன் அறிவிப்பை வியாழக்கிழமை பேருந்து முனையில் ஒட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் கொசு வந்துவிட்டான். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். காதில் சிவப்புக் கல். அல்பெய்ரோ வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் டிக்கெட் கூண்டில் இருந்தேன்.

"என்ன மாமா, அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் எல்லாரும் அந்தப் பக்கம் ஊர்வலம் போறீங்களாமே?"

"நான் போகலப்பா. அரசாங்கம் போகச் சொல்லுது."

"அரசாங்கமா? அது எந்த பஸ்ல வந்துச்சு? நான் பாக்கவே இல்லியே." அவனோடு வந்தவர்கள் சிரித்தார்கள். "இங்கேர்ந்து கீழ போலாம் மாமா. கீழேர்ந்து மேல வரலாம். பக்கத்துல மட்டும் போகக் கூடாது. இது ஒரு பெரிய கஷ்டமா?"

"எங்கிட்ட சொல்லி என்னப்பா ஆகும்? பஸ்ஸ நிறுத்தறது நான் இல்லியே."

"உன் மச்சான்தானாமே நிறுத்தறது?"

அல்பெய்ரோ பதில் சொல்வதற்குள் துப்பாக்கிக் கட்டையால் வாயில் அடித்தான். விழுந்த பிறகும் அடித்தான். வண்டியின் படியில் தலையை வைத்துக் கதவை மூடினான், திறந்தான், மூடினான். காற்றுக் கதவு, அண்ணா. உஸ்ஸென்று சத்தம் போடும். தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். குழாய் வைத்துச் சூப்புக் குடிக்கிறார். கொசு போகும்போது கூண்டுக்கு வந்து என்னிடம் மரியாதையாகச் சொன்னான்: "உங்க அண்ணனுக்குக் கடுதாசி போடுவீங்கல்ல அக்கா, இதயும் எழுதிடுங்க."

எழுதிவிட்டேன்.

நம் அப்பா என்னை அடித்த நாட்களில்கூட நான் யாரிடமும் கெஞ்சியதில்லை. உனக்குத் தெரியும், நீ கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாய். இப்போது கெஞ்சுகிறேன். அந்தச் சோதனையை நிறுத்து.

நூபியா


வால்பெர்தே
வியாழக்கிழமை, 4 பிப்ரவரி 2010, பிற்பகல் 1.05 மணி
கடிதம் எண் 3
பொருள்: உன் 30 ஜனவரி கடிதம், அவசரம்

நூபியா,

உன் கடிதம் எனக்கு நேற்று, பிப்ரவரி 3 அன்று மாலைதான் கிடைத்தது. அல்பெய்ரோ ஓட்டாததால் அது முனையத்தில் நான்கு நாள் கிடந்திருக்கிறது. இன்று காலை 8 மணிக்கு இயக்குநரைச் சந்தித்துச் சோதனையைத் தள்ளிவைக்கக் கேட்டேன். ஆணை வெளியாகிவிட்டது என்றார். கடன் தரும் வங்கியின் ஆட்கள் மாத இறுதியில் வருகிறார்களாம், அதற்குள் பாலத்தில் ஆட்கள் நடந்ததாக ஓர் எண் வேண்டுமாம். "நீங்க கொடுத்த யோசனைதானே, எவரிஸ்தோ ஐயா?" என்றார். ஆம் என்றேன். அது உண்மை. மேசை மேல் இருந்த தண்ணீர்க் குவளையை என் கை சுவரில் எறிந்துவிட்டது. அதனால் பயன் ஏதும் இல்லை.

ஒருவரும் பாலத்துக்குப் போகாதீர்கள். யாரும் கடக்காவிட்டால் சைபர் வரும். சைபர் வந்தால் நான் வெல்ல மாட்டேன், நீ வெல்வாய். அந்த வாரம் முழுவதும் யெசேனியா என் வீட்டில் தங்கட்டும். கல்லூரி அங்கிருந்து பத்து நிமிட நடை. முன்னறையைச் சுத்தம் செய்துவிட்டேன். நான் 2006-இல் சொன்னதை அவளிடம் நேரில் பேசிக்கொள்கிறேன்.

அல்பெய்ரோவிடம் என் வருத்தத்தைச் சொல். அவர் பதில் சொல்ல முடியாத நிலையில் இருக்கிறார் என்பதை நான் ஒரு வசதியாகக் கருதவில்லை.

எவரிஸ்தோ

இணைப்பு: என் வீட்டுச் சாவி, ஒன்று.


மாகாண மருத்துவமனை, மூன்றாம் தளம்
வெள்ளிக்கிழமை, 12 பிப்ரவரி 2010, பிற்பகல் 3.00 மணி
கடிதம் எண் போடவில்லை
பொருள்: உன் சோதனை

அண்ணா,

உன் முறையிலேயே எழுதுகிறேன். அப்படி எழுதினால்தான் உனக்குப் புரியும்.

சாவி வந்தது. அவள் தொடவில்லை. "நான் படிப்ப முடிக்கமாட்டேன்னு சொன்னவரு வீட்ல தங்கி நான் முடிக்கணுமா?" என்றாள். உன் ரத்தம்தானே.

திங்கட்கிழமை யாரும் போகவில்லை. நீ சொன்ன சைபர் வந்தது. அன்று மாலையே நம் பெண்கள் வேலை செய்யும் தையல் ஆலையின் மேற்பார்வையாளர் ஆள் அனுப்பிச் சொன்னார், செவ்வாய்க்கிழமையும் வராதவர்கள் இனி வரவே வேண்டாம் என்று. ஃபபியோலா உஸ்மே வீடுவீடாகப் போனாள். உனக்கு அவளைத் தெரியாது. ஐம்பத்திரண்டு வயது, காலர் தைப்பவள், வாய் ஓயாது. "எல்லாருமா சேந்து போனா சுட மாட்டானுங்க. எத்தன தோட்டா வெச்சிருக்கான், அவன் என்ன பட்டாளமா?" என்றாள். வெள்ளைத் தலையணை உறையை ஒரு துடைப்பக் கட்டையில் கட்டிக்கொண்டாள்.

செவ்வாய், 9 பிப்ரவரி, காலை 5.40. நாற்பத்தொரு பெண்கள் பாலத்தில் ஏறினார்கள். யெசேனியா வெள்ளை உடுப்பில் நடுவில். நான் வேண்டாமென்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன், நகம் பதிந்தது, உதறிவிட்டுப் போனாள். உன் காவலர்கள் ஜீப்பில் உட்கார்ந்து சோள ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். உன் ஆட்கள் இருவர், ஒரு பெண், ஒரு ஆண், முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கையில் எண்ணும் பொறியை வைத்து டிக், டிக் என்று எண்ணினார்கள்.

பாதிப் பாலம் தாண்டும்வரை ஒன்றுமில்லை. ஃபபியோலா திரும்பிப் பார்த்து ஏதோ கிண்டல் சொன்னாள், பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே முதல் வெடி. முதலில் அந்தப் பக்கமிருந்து. பிறகு நம் பக்கமிருந்தும். முன்னே போனவர்களை அவர்கள் சுட்டார்கள். திரும்பி ஓடி வந்தவர்களை நம்மவர்கள் சுட்டார்கள். உன் எட்டு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. குறி பார்க்க நல்ல வெளிச்சம்.

ஃபபியோலாவுக்கு முகத்தில். சாப்பாட்டு டப்பா திறந்து சோறும் மொச்சையும் அவள் மேலேயே கொட்டிக் கிடந்தன. கம்பித் தடுப்பைத் தாண்டிக் குதித்த ஒருத்தி ஓடையில் விழுந்து கழுத்து முறிந்தாள். இரண்டு பேர் செத்தார்கள், ஒன்பது பேருக்குக் காயம். யெசேனியாவுக்கு இடது தொடையில் நுழைந்து எலும்பை உடைத்துக்கொண்டு வெளியே போயிருக்கிறது. என் மகள் தன் உடுப்பைக் கிழித்துத் தானே கட்டுப் போட்டுக்கொண்டாள். ஊர்ந்தே வந்தாள். நான் முழங்காலில் தவழ்ந்து போய் அக்குளில் பிடித்து இழுத்தேன். கொசு பாலத்துக்கு மேலே ஒரு மாடியில் நின்று என்னைப் பார்த்தான். சுடவில்லை. ஏன் என்று தெரியவில்லை, இதற்காக அவனுக்கு நன்றி சொல்ல வேண்டுமோ என்னவோ.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். நான் யெசேனியாவை இழுத்துக்கொண்டு முனைக்கு வந்தபோது, எண்ணுகிற பெண் நாற்காலிக்கு அடியில் சுருண்டு கிடந்தாள். கண் மூடியிருந்தது. அவள் கட்டைவிரல் மட்டும் நிற்கவில்லை. டிக், டிக், டிக், டிக். சத்தம் ஓய்ந்த பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தாள். நான்தான் பொறியைப் பிடுங்கினேன். 312 என்று காட்டியது. ஜீப்பிலிருந்து இறங்கிவந்த காவலர் அதை என் கையிலிருந்து வாங்கித் தாளில் குறித்துக்கொண்டார்.

வராதே. உன் முகத்தைப் பார்த்தால் நான் மத்தோடு நிறுத்த மாட்டேன்.

நூபியா


மத்திய காவல் நிலையம், காவல் அறை
வெள்ளிக்கிழமை, 26 பிப்ரவரி 2010, மாலை 4.30 மணி
கடிதம் எண் 4
பொருள்: தடம் 43

அன்புள்ள நூபியா,

மேலே உள்ள முகவரியால் கலங்க வேண்டாம். காவலர்கள் மரியாதையாகவே நடத்துகிறார்கள். தாளும் பேனாவும் கேட்டவுடன் கொடுத்தார்கள்; பேனாவைத் திருப்பித் தர வேண்டும்.

நீ வராதே என்று எழுதியும் 16 பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை, மருத்துவமனைக்கு வந்தேன். நீ கீழே மருந்து வாங்கப் போயிருந்தாய். யெசேனியா விழித்திருந்தாள். 2006-இல் சொன்ன வாக்கியத்தைத் திரும்பப் பெறுவதற்கு முறையாக ஒரு பத்தி தயாரித்து வந்திருந்தேன். அதை அவள் வாசிக்கவிடவில்லை.

"மாமா, பேப்பர்ல முந்நூத்திப் பன்னண்டு பேர் பாலத்தக் கடந்தோம்னு போட்டிருக்கு. அதுல நான் எத்தனாவது?"

அவளே சொன்னாள். "பாதி வரைக்கும் போனதுக்குப் பாதி நம்பர் போட்டுக்கோங்க."

உன் காலடிச் சத்தம் மாடிப்படியில் கேட்டது. நான் மறுபக்கக் கதவால் வெளியேறினேன். எழுபத்தொரு வயதில் தங்கைக்குப் பயந்து ஓடியதைப் பதிவு செய்கிறேன்.

அதற்கு மறுநாள் எண்ணும் பெண்ணை அவள் வீட்டில் சந்தித்தேன். தாயின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். வலக் கட்டைவிரல் போர்வைக்கு மேல் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. நான் கேட்டது ஒரே கேள்வி, மறுமுனையில் உயிரோடு இறங்கியவர்கள் எத்தனை பேர். பொறியைப் பிடுங்கிய பிறகு மறுகரையைப் பார்த்து எண்ணியதாகச் சொன்னாள், ஆறு.

இன்று நடந்தது பின்வருமாறு. காலை 10 மணிக்கு வங்கியின் ஆட்களுக்காக இயக்குநர் பெர்னால் கூட்டம் நடத்தினார். திரையில் பாலத்தின் படம், அதன் கீழே 312. "வருந்தத்தக்க ஒரு சம்பவம் நடந்தும்கூட, பேருந்து இல்லாத இரண்டாம் நாளே முந்நூறு பேருக்கு மேல் கடந்திருக்கிறார்கள். கணக்கு சொன்ன தேவை இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?" என்றார். நான் எழுந்து, அந்த எண் ஒரு பெண்ணின் நடுக்கம் என்று சொன்னேன். ஏறியவர்கள் நாற்பத்தொருவர், கடந்தவர்கள் ஆறு பேர், இறந்தவர்கள் இருவர் என்றேன். அவர் புன்னகையோடு என் தோளில் கைவைத்து, காதருகே குனிந்தார்.

"பெரியவரே, உங்க தங்கச்சி பொண்ணுக்கு ஆனது துரதிர்ஷ்டம். ஆனா வெத்துக் கட்டத்த நிரப்பறது எப்படின்னு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே?"

மேசை மேல் காகிதத்தில் துளையிடும் இரும்புப் பொறி இருந்தது. கனமானது, பழைய மாதிரி. அதை எடுத்து அவர் முகத்தில் அடித்தேன். மூக்கு உடைந்தது. இரண்டாவது அடி உதட்டைப் பிளந்து முன்பற்கள் இரண்டைப் பெயர்த்தது. மூன்றாவதை ஓங்கியபோது இளம் பொறியாளர்கள் மூவர் என்னைத் தரையில் கிடத்தினார்கள். வெள்ளை மேசை விரிப்பெல்லாம் சிவப்பு. அவர் தரையில் தவழ்ந்து பற்களைத் தேடியதைப் பார்த்தேன். நான் வருந்துகிறேனா என்று காவல் அதிகாரி கேட்டார். சற்று யோசித்து, மூன்றாவது அடி விழாததற்கு மட்டும் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். அது எனக்கு உதவாது என்று என் வழக்கறிஞர் சொல்கிறார்.

அடித்ததால் பேருந்து நிற்கவோ ஓடவோ போவதில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த வேலையை நேற்றே முடித்துவிட்டேன். கம்பிவடத் தடத்துக்கான கடன் ஒப்பந்தத்தில், பயணக் கணக்கு சரியானது என்று பொறுப்பேற்றுக் கையொப்பமிட்ட பொறியாளர் நான் ஒருவனே. அந்தக் கையொப்பத்தை நேற்று, 25 பிப்ரவரி, வங்கிக்கு எழுதித் திரும்பப் பெற்றுக்கொண்டேன். கையொப்பம் இல்லாத கணக்கின் பேரில் அவர்கள் அடுத்த தவணையை விடுவிக்க முடியாது. எந்தத் தடத்தையும் நிறுத்த அனுமதிக்கவும் முடியாது. வீடுவீடாகப் போய்க் கணக்கை முதலிலிருந்து எடுக்க வேண்டும். குறைந்தது பதினெட்டு மாதம் பிடிக்கும். இன்று பிற்பகல் 2 மணிக்கு, மார்ச் 1-ஆம் தேதி ஆணை ரத்து செய்யப்பட்டதாக வழக்கறிஞர் வந்து சொன்னார்.

பதினெட்டு மாதத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்று என்னால் கணிக்க முடியாது. கணிப்பதை விட்டுவிட்டேன். யெசேனியாவின் எலும்பு ஒட்ட மூன்று மாதம், மீதமுள்ள படிப்பு பதினைந்து மாதம் என்று மருத்துவரிடமும் கல்லூரியிலும் தனித்தனியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். கூட்டினால் சரியாக இருக்கிறது. ஒரு நாள் கூட மிச்சமில்லை. அவள் தவறாமல் போக வேண்டும்.

ஃபபியோலா உஸ்மேயின் வீட்டுக்குப் போகும் உரிமை எனக்கு உண்டா என்று தெரியவில்லை. வெளியே வந்ததும் உன்னிடம்தான் முதலில் கேட்பேன். வேண்டாம் என்று நீ சொன்னால் போக மாட்டேன்.

இக்கடிதத்தை என் வழக்கறிஞர் இன்று மாலை ஆறு மணிப் பேருந்தில் கொடுத்தனுப்புவார். இணைப்புகளை என் வீட்டிலிருந்து எடுத்துச் சேர்ப்பார். எங்கே எது இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

உன் அண்ணன்,
எவரிஸ்தோ

இணைப்புகள்:

1. கையொப்பத்தைத் திரும்பப் பெறும் கடிதம், 25 பிப்ரவரி 2010. வங்கி பெற்றுக்கொண்ட முத்திரையுடன் நகல்.

2. பயண அட்டவணையின் ஒரு பக்கம். 61-லிருந்து 62-க்கு என்ற கட்டத்தில் 2,140 கோடிட்டு அடிக்கப்பட்டு, சைபர் எழுதப்பட்டிருக்கிறது.

3. சாக்லெட் மத்து, மரத்தாலானது, ஒன்று. 24 டிசம்பர் 2006 முதல் என் வசம் இருந்தது. நல்ல நிலையில் திருப்பி அனுப்பப்படுகிறது.

4. புதிய வீட்டுக் கணக்கெடுப்புத் தாளின் வரைவு. 'அங்கே போவதில்லை' என்ற வரிக்குக் கீழே 'ஏன்?' என்று கேட்டு அரைப் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன். இடம் போதுமா என்று பார்த்துச் சொல்.